வேப்பிலையைப் பார்த்த காலேஜ் பிள்ளை

நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கோர்வையாக எழுத வராது. வயதாகிவிட்டதால் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வருஷம்கூட நினைவில்லை. அறுபதுகளில் ஒரு வெயில் காலம். பம்பாய் தாராவியில் பெரியம்மை பரவியிருந்தது.

எங்களுக்கு ஒரே அறை. நான், வீட்டுக்காரர், மாமியார், பட்டறை வேலைக்குப் போகும் கொழுந்தன், ஏழு மாதத்தில் என் மகள். கொழுந்தனுக்குக் காய்ச்சல் அடித்து முகத்தில் முத்துப் போட்டது. வெளியே தெரிந்தால் முனிசிபாலிட்டி வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும், போனவர் திரும்பமாட்டார் என்று பயம். அதனால் மாமியார் வேப்பிலையை வாசலில் கட்டாமல் கதவின் உள்பக்கம் செருகினார். தாளிப்பதை நிறுத்தினோம். ஆத்தா இறங்கிய வீட்டில் யார் உடம்பிலும் ஊசி படக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்.

முத்துப் போட்ட மூன்றாம் நாள் காலையில், அம்மை குத்துகிறவரோடு காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் வீடு வீடாக விசாரித்து வந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்து மாட்டுங்காவில் இருக்கும் தமிழர்.

"ஏட்டி, பிள்ளைய முந்தானைல மூடு. கேட்டா குத்தியாச்சுன்னு சொல்லு," என்றார் மாமியார்.

கதவைப் பாதி திறந்தேன். அந்தத் தமிழ்ப் பையனின் பார்வை வேப்பிலையில் போய் நின்றது. உடனே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அரே பண்டித், பூஜா கர்னே ஆயா க்யா?" பூஜை பண்ண வந்தாயா என்று பின்னால் நின்றவன் கேலி செய்தான். இவர் திரும்பவில்லை.

"இங்க யாருக்காவது அம்மை போட்டிருக்கா?"

"இல்ல."

"குழந்தைக்குக் குத்தியாச்சா?"

"போன மாசமே."

மற்ற வீடுகளில் கையில் தழும்பைக் காட்டச் சொன்னவர்கள், என்னிடம் கேட்கவில்லை. நான் சொன்னதையே அவர் எழுதிக்கொண்டார். செருப்பைக் கையில் பிடித்தபடி நாலு வீடு தள்ளிப் போய்த்தான் போட்டார்.

"படிச்ச பிள்ளையே ஆத்தாவுக்குப் பயப்படுது, பாத்தியா?" என்றார் மாமியார். நாங்கள் செய்வது சரிதான் என்று எனக்கும் தைரியம் வந்தது.

கொழுந்தன் முகமெல்லாம் குழியோடு பிழைத்தார். இரண்டு வாரத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் முத்து. பால் குடிக்கத் தலையைத் திருப்புவாள், முடியாது. முத்துப் போட்ட ஆறாம் நாள் போய்விட்டாள்.

பிறகு அந்தப் பையன் தனியாக வந்தார். என் மடியைப் பார்த்தார்.

"வேப்பிலையப் பார்த்தேன். தெரிஞ்சுதும்மா. எழுதியிருக்கணும். என் தங்கைக்கு வந்தப்போ எங்காத்துலயும் மூடித்தான் வச்சோம். அம்மை எப்படிப் பரவும்னு காலேஜ்ல மேடையேறிப் பேசினவன் நான்."

"நீங்க என்ன செய்வீய தம்பி. நாந்தான இல்லன்னேன்."

"அன்னிக்கே குத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் கேட்க எனக்குக் கூச்சம். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நாள் கணக்கில் நான் தவறியிருக்கலாம். ஆனால் அவர்கள் வந்தது மூன்றாம் நாள் என்பது நிச்சயம். வீட்டில் முத்துப் போட்ட மூன்றாம் நாள் குத்தியிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்குமா? விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். என் மனம் கஷ்டப்படுமே என்று மாற்றிச் சொல்ல வேண்டாம்.