பப்பாளிக்காய் போட்ட கறி

சுங்குவார்சத்திரத்தில் மாட்டுக்கறிச் சாப்பாடு என்றால் என் மெஸ்தான் என்று இருந்த காலம் அது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும், பெருமைக்குத்தான் சொல்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தப் பக்கம் முதல் கம்பெனிக்குக் கட்டடம் எழும்பியபோது ஜல்லி சுமந்தேன். சுமந்த இடத்துக்கு எதிரிலேயே டீக்கடை போட்டேன். டீக்கடையை மெஸ் ஆக்கினேன், மெஸ்ஸுக்குப் பின்னால் சொந்த வீடும் கட்டினேன். மாமூல் கேட்டு வந்த ரவுடியைக் கொதிக்கிற கரண்டியோடு எதிர்த்து நின்றவன். அப்படிப்பட்டவனை ஒரு கிண்ணம் கறி, அதுவும் நானே ஆக்கிய கறி, ஒரு மத்தியானம் முழுக்க நடுங்க வைத்தது.

வளைகாப்பு முடிந்து என் மகள் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முன்னால் தங்கிய பிள்ளை நாலாம் மாதமே கலைந்துபோயிருந்தது. அதனால் இந்தத் தடவை அவள் தும்மினாலே எனக்குத் திக்கென்று இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். ரத்தம் ரொம்பக் கம்மி, இப்படியே விட்டால் பிரசவத்தில் தாயும் தாங்காது பிள்ளையும் தாங்காது என்று சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தால் இவள் வாந்தியாக எடுத்தாள்.

"மாட்டுக்கறி சாப்பிடற பழக்கம் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். படித்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். எனக்கென்ன கூச்சம்? "நாங்க விக்கிறதே அதாம்மா" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. கொழுப்பை எடுத்துட்டு, சதைக்கறியா நல்லா வேக வெச்சுக் குடுங்க. அதுல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சீக்கிரம் சேரும். மேல கொஞ்சம் எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கட்டும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் வேணாம், சேர்ற சத்தை அது தடுத்துடும்."

டீ விற்று முன்னுக்கு வந்தவனிடம் அதைச் சொன்னார். பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டேன்.

கறி வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. கட்டிப்போட்டுப் புண்ணாக்கு வைத்து வளர்த்த மாட்டின் கொழுப்பு வெள்ளையாகத் திரண்டு கிடக்கும். மேய்ந்து திரிந்த மாட்டுக்குக் கொழுப்பு குறைவு, இருக்கிற கொழுப்பிலும் லேசாக மஞ்சள் தட்டும். சதை கருஞ்சிவப்பாக இருக்கும். அப்போது பிள்ளைப்பாக்கம் பக்கம் கம்பெனிக்கென்று எடுத்து வேலி போட்ட நிலமெல்லாம் கட்டடம் வராமல் கிடந்தது. உள்ளே இடுப்பளவு புல். வேலிச் சந்தில் நுழைந்து மேய்ந்த மாடுகள்தான் எனக்கு வேண்டும். கறிக்கடை பாய் ஒவ்வொரு துண்டையும் நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கறி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பார்.

இந்தக் கறியில் ஒரே ஒரு தொல்லை. கொழுப்பில்லாததால் அவசரத் தீயில் வைத்தால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். மகளுக்காகத் தனியாக மண்பானையில் வைத்தேன். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லி. தேங்காய் கிடையாது, எண்ணெய் பேருக்கு. சின்னத் தீயில் மூடி போட்டு, இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரை. "குக்கர்ல வெச்சா கொஞ்ச நேரத்துல வெந்துடுமேயா" என்பாள் வீட்டுக்காரி. குக்கரில் வெந்தது கறியே இல்லை, சக்கை என்பது என் கட்சி. விட்டுக்கொடுக்கவில்லை.

மெஸ் அண்டாவில் வேறு வழி வைத்திருந்தேன். விடிவதற்கு முன்னால், யாரும் வராத நேரத்தில், பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு துருவி, மஞ்சளோடு சேர்த்துக் கறியில் பிசறி ஊற விடுவேன். எப்பேர்ப்பட்ட கறியும் அதில் பூவாக வெந்துவிடும். "அண்ணாச்சி, இது மாடா மெத்தையா?" என்று திருநெல்வேலிப் பையன்கள் கேட்பார்கள். பக்கத்து மெஸ்காரன் நான் சோடா உப்புப் போடுகிறேன் என்று நினைத்து அதைப் போட்டுப் பார்த்துக் குழம்பைக் கெடுத்துக்கொண்டான். யாருக்கும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரிக்கும்கூட. அவள் காதில் போட்டால் அது ஊருக்கே தண்டோரா.

அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டு பஸ்கள் வந்து நின்றன. கூட்டத்தைக் கவனித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். அடுப்பில் மண்பானை அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. கறி இன்னும் வேகவில்லை. ஆனால் மகள் சாப்பிட்டு முடித்துக் கையில் எலுமிச்சம்பழத் தோலை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, பானைல கறி அப்படியே கீது. இது இன்னா துன்னுச்சு?" என்று வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"மெஸ் அண்டாவுலேருந்து எடுத்தாந்தேன். உம் பானை வேவறதுக்குள்ள கொயந்தையே பொறந்துடும். பசின்னு சொல்லுது, பாத்துக்கினு இருக்கச் சொல்றியா? ரெண்டாம் தபா கேட்டு வாங்கித் துன்னுச்சுய்யா. வந்ததுலேருந்து இன்னிக்குத்தான் வாந்தியில்ல."

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு விடிகாலையில் துருவிய காய் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் வயிற்றுப்பிள்ளைக்காரி எதிரில் பப்பாளி என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். கருவைக் கலைக்க ரகசியமாகத் தின்பது அது. அதைத்தான் என் மகள் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள்.

சொன்னால் அந்தப் பயத்திலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமே. எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன்.

"இன்னா நைனா, அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல கண்ணு. உடம்பு எப்படி கீது?"

"நல்லாத்தான் கீது. இடுப்புதான் லேசா வலிக்குது."

நான் எழுந்த வேகத்தில் உட்கார்ந்திருந்த பலகை கவிழ்ந்தது. டாக்டரம்மா வரச் சொன்னார் என்றேன். "வெள்ளிக்கிழமதானே வரச் சொன்னாங்க?" என்றாள் வீட்டுக்காரி. இன்றைக்கே என்று கத்திவிட்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினேன்.

ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த நேரம். எங்கே பார்த்தாலும் பள்ளம், கன்டெய்னர் லாரி, செம்மண் புழுதி. ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ தூக்கிப் போட்டது. மெதுவாப் போப்பா என்றேன். மெதுவாகப் போனதும், சீக்கிரம் போயேம்பா என்றேன்.

"பெர்சு, மெதுவாவா, சீக்கிரமாவா? எதுனா ஒண்ணு சொல்லு" என்றான் ஆட்டோக்காரன்.

கை தானாக மகளின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், யாரிடமும் பேசாமல் கிடந்தாள். இந்தத் தடவையும் அப்படிக் கிடந்தால் அந்த முதுகை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் வழி முழுக்க நினைப்பு.

டாக்டரம்மா மகளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து, "வலி எப்ப ஆரம்பிச்சுது? என்ன சாப்பிட்டா?" என்றார். வீட்டுக்காரி கறிச்சோறு என்றாள். எல்லோரும் இருந்தார்கள், கம்பவுண்டர், காத்திருந்த பொம்பளைகள். "அதுல பப்பாளிக்காய் போட்டிருக்கேம்மா" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பலேருந்து?"

"மெஸ் ஆரம்பிச்சதுலேருந்து."

"அடப்பாவி மனுசா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த அண்டாவத் தொடுவேனா?"

டாக்டரம்மா எவ்வளவு போடுவேன், எவ்வளவு நேரம் கொதிக்கும் என்று நிதானமாகக் கேட்டார். "பச்சைக் காயில இருக்கிற பால்தான் ஆகாதுன்னு சொல்றோம். நீங்க கொஞ்சமாப் போட்டு மணிக்கணக்கா கொதிக்க வெச்சிருக்கீங்க. எனக்குப் பயமாத் தோணல. ஆனா வலின்னு சொல்றாளே, கொஞ்ச நேரம் இங்கயே படுக்கட்டும், பாப்போம்" என்றார்.

அந்தப் 'பாப்போம்' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே திரை அசைந்தால் தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். பிறகு வேறொரு பயமும் வந்தது. தினமும் எத்தனையோ பேர் பார்சல் கட்டிக்கொண்டு போகிறார்களே, எந்த வீட்டில் எந்தப் பொம்பளை அதைப் பிரித்துச் சாப்பிட்டாளோ. ஒரு முகமும் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரி பக்கத்திலேயே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு டாக்டரம்மா மறுபடி வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் வந்தது. "காலையிலேர்ந்து குந்தி உக்காந்து மெஸ்ஸுக்குப் பூண்டு உரிச்சியாமே? இடுப்பு வலிக்காம என்ன பண்ணும்? குழந்தை நல்லா உதைக்குது." என்றவர் திரையை விலக்கி எங்களைப் பார்த்தார். "கூட்டிக்கிட்டுப் போங்க. கறி குடுங்க, அந்தக் காய் மட்டும் வேணாம்."

கும்பிட வேண்டும் என்று நினைத்தேன். கை எழுந்தது, கால் எழவில்லை. வீட்டுக்காரி ஆட்டோ வரைக்கும் போய்விட்டாள். மகள் பாதி வழி போனவள் திரும்பிப் பார்த்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள்.

"எய்ந்திரு நைனா" என்று கையை நீட்டினாள். பிள்ளைத்தாய்ச்சி கையைப் பிடித்து இழுத்து எழுவதா என்று பயந்து, நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.