சின்னான் கை

அந்த வாளில் இருந்த இரண்டு சொற்களை அழித்தவள் நான்தான்.

துரு தின்னவில்லை. வயதாகி மங்கவும் இல்லை. என் பட்டறையில், என் சக்கரத்தில், பட்டப்பகலில் வைத்து நான் அழித்தேன். பிறகு, அப்படி இரண்டு சொற்களை நான் பார்த்ததே இல்லை என்று நான்கு பேர் முன்னிலையில் சொன்னேன்.

இரண்டில் எது பெரிய பாவம்? நீங்களே சொல்லுங்கள். எனக்கு யோசித்து யோசித்து மரத்துப்போய்விட்டது...

நீங்கள் அம்பத்தூர்ப் பக்கம் வந்து போகிறவராக இருந்தால் அந்த வாளைச் சுவரொட்டியிலாவது பார்த்திருப்பீர்கள். முறுக்கிய மீசையோடு ஒருவன் அதை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பான். கீழே 'வெள்ளையனின் வாளைப் பறித்த மாவீரன் சின்னான்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும்.

சின்னானுக்கு இரண்டு கை கிடையாது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

மேனாம்பேட்டில் எனக்கு ஒரு பஃபிங் பட்டறை இருக்கிறது. குழாய், கைப்பிடி, பாத்திரம் என்று எது வந்தாலும் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கித் தருகிற தொழில். என் கணவர் தொடங்கியது. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். செங்கேணி அவர் காலத்திலிருந்தே அங்கே வேலை செய்கிறாள். பாரிவாக்கத்துக்காரி. அவர் இறந்த அன்று உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன் என்னைப் பிடித்து உட்கார வைத்து வாயில் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். இதையும் தெரிந்துகொண்டு என்னை எடை போடுங்கள்.

வாள் செங்கேணியின் வீட்டில் இருந்தது. அவள் அப்பாவுக்கு ஒரே மகள் என்பதால் அவளிடம் வந்து சேர்ந்தது. பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் அவளுடைய முன்னோர் சின்னான் ஒரு கேப்டனிடம் குதிரைக்காரனாக இருந்திருக்கிறார். தெற்கே ஏதோ ஒரு கோட்டையைப் பிடித்ததற்காகக் கேப்டனுக்குச் சக அதிகாரிகள் சேர்ந்து அளித்த வாள் அது. சண்டைக்கானது அல்ல, அணிவகுப்பில் இடுப்பில் தொங்கவிட்டு நடப்பதற்கானது. அலகில் கிரீடமும் கொடியும் செதுக்கி, கேப்டனின் பெயர், கோட்டையின் பெயர், வெற்றி, வீரம் என்று நான்கு வரி ஆங்கிலம்.

ஒருநாள் விருந்தாளிகளுக்கு முன்னால், இது வெறும் அலங்கார வாள் அல்ல என்று காட்ட கேப்டனுக்கு ஆசை வந்திருக்கிறது. சின்னானைக் கூப்பிட்டு ஒரு வாழைத்தண்டை நீட்டிப் பிடிக்கச் சொன்னான். வீசினான். தண்டோடு சின்னானின் வலது கையும் விழுந்தது. விருந்து தொடர்ந்து நடந்ததாம்.

பிறகு கேப்டன் காய்ச்சலில் செத்தபோது, பங்களாவில் யார் எதை எடுப்பது என்ற குழப்பத்தில், சின்னானின் மனைவி அந்த வாளைப் பாயில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டவர்களிடம் அவள் சொன்னதாகச் செங்கேணி சொல்வாள்: "கையக் குடுத்தாச்சு. கத்தியாச்சும் நம்ம ஊட்ல இருக்கட்டும்."

அந்த வீட்டில் வாளுக்குப் பொட்டு வைக்க மாட்டார்கள். பூசையும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெறும் தரையில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து கதையைச் சொல்வார்கள், அவ்வளவுதான். செங்கேணியின் தாத்தா ஒருமுறை அதைப் பாத்திரக் கடைக்கு எடுத்துப்போய், பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, ஆங்கில வரிகளுக்குக் கீழே புள்ளி புள்ளியாக இரண்டு சொற்களை வெட்டி வாங்கினார்.

'சின்னான் கை.'

அந்த மனிதன் இந்த உலகில் இருந்தான் என்பதற்கு அந்த வாளில் வேறு எந்தத் தடயமும் இல்லை.

தனசேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்தில் ஒரு கட்சியின் பொறுப்பாளர். கெட்டவன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. சாக்கடை அடைத்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பவன்தான். எப்படியோ வாளைப் பற்றிக் கேள்விப்பட்டான். ஆவடியில் நடக்கப்போகும் பொதுக்கூட்டத்தில் அதை மேடையில் வைத்துத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும் என்றான். செங்கேணி தயங்கினாள். கூட்டம் முடிந்ததும் திரும்பி வந்துவிடும், சின்னான் கதையை ஊரே கேட்கும் என்று அவளைச் சம்மதிக்க வைத்தவளும் நான்தான்.

"கை போன கதையையும் சொல்லணும். சொல்வாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"சொல்வாங்க" என்றேன்.

அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். பொய் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வாளைச் சுத்தம் செய்ய என் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். துரு நீக்குவது என் வேலை, துணியில் சுற்றி எடுத்துப்போவது தனசேகரின் வேலை என்று பேச்சு. தனசேகர் வந்தபோது செங்கேணி இல்லை. மெருகு போட்ட கைப்பிடிகளைப் பட்டரவாக்கத்தில் கொடுத்துவரப் போயிருந்தாள். அவன் வாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த இங்கிலீசு இருக்கட்டும்க்கா. அப்பத்தான் ஒரிஜினல்னு நம்புவாங்க. கீழ கீது பாரு ரெண்டு வார்த்த, அதான் இடிக்குது. எடுத்துடு."

"அது அவங்க ஆளோட பேருப்பா."

"பேர நாங்க மைக்ல சொல்றோம்க்கா, ஊரு பூரா. கைதான் வேணாம்." வாளை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகப் பேசினான். "கைய வெட்டிட்டான்னு சொன்னா நம்ம ஜனம் அழும். கத்தியப் புடுங்கிட்டான்னு சொன்னா எழுந்து நிக்கும். எத்தினி காலத்துக்குக்கா அழுதுகினே இருக்கறது?"

இன்றும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் பட்டது... இல்லை, பட வேண்டும் என்று நான் விரும்பினேனா?

ஏனென்றால் புறப்படும்போது அவன் கதவருகே நின்றான். என் பட்டறை ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டிப் போயிருந்தார்கள். அவன் அந்த நோட்டீஸைப் படித்தான். முழுக்கப் படித்தான். பிறகு, "நான் பேசிக்கிறேன்க்கா. நீ கவலப்படாதே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அவன் மிரட்டவில்லை. பேரமும் பேசவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் இன்று எனக்குச் சற்று வசதியாக இருந்திருக்கும்.

சக்கரத்தைப் போட்டேன். அரைப்புச் சக்கரம் முதலில், துணிச் சக்கரம் பிறகு. ஆங்கில வரிகள் மேல் படாமல் அலகைச் சாய்த்துப் பிடிப்பதில்தான் கவனம் இருந்தது. ஒரு கேப்டனின் பெயர் கெடக்கூடாது என்று நான் அவ்வளவு கவனம் எடுத்தேன்! 'சின்னான்' சீக்கிரம் போய்விட்டது. 'கை' கொஞ்சம் ஆழமாக வெட்டியிருந்தது. அழுத்திப் பிடித்தேன். போயிற்று.

கை நடுங்கியது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. துணியால் துடைத்தேன். சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதம் புளித்திருக்குமோ என்று நினைத்தேன். செங்கேணி திரும்பி வருவதற்குள் தனசேகரின் ஆள் வந்து வாளைச் சுற்றி எடுத்துப்போய்விட்டான்.

கூட்டத்தன்று செங்கேணி புதுப்புடவை கட்டி முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் பேனர்.

"இன்னாக்கா, ரெண்டு கையும் போட்டுக்கீறாங்க?"

"வரையறவனுக்கு எப்படித் தெரியும். பேசும்போது சொல்வாங்க."

சொல்லவில்லை. சின்னான் ஒரு குறுநிலத் தலைவனாகவும், குதிரைமேல் வந்த கேப்டனைக் கீழே தள்ளி வாளைப் பறித்தவனாகவும் ஆகியிருந்தார். குதிரைக்காரன் என்ற சொல்லே வரவில்லை. தலைவர் வாளை உயர்த்தினார். விளக்கு வெளிச்சத்தில் அது அவ்வளவு அழகாக மின்னியது. என் வேலைதான். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது, தனசேகர் சொன்னது போலவே. செங்கேணியும் எழுந்து நின்றாள். எல்லோரும் நிற்கும்போது அவள் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பாள்?

வாள் திரும்பி வரவில்லை. கட்சி அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். செங்கேணி பலமுறை நடந்தாள். கடைசியில் என்னையும் துணைக்கு அழைத்தாள். போனேன். போகாமல் இருந்திருக்கலாம், காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஏன் போனேன்?

அங்கே தனசேகரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "இது உங்க ஊட்டுதுன்னு எப்படிம்மா சொல்றீங்க? இன்னா அத்தாட்சி?"

"எங்க ஆளு பேரு அதுலயே வெட்டிக்கீதுங்க. இங்கிலீசுக்குக் கீழ. பாருங்க."

தனசேகர் பெட்டியைத் திறந்து வாளை அவள் முன்னால் வைத்தான். செங்கேணி குனிந்தாள். செல்போன் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். மீண்டும் முதல் பக்கம். அவள் விரல் அந்த வெற்றிடத்தின் மேலே போய் வந்துகொண்டிருந்தது.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யக்கா, நீ பாத்தியே. தொடைக்கக் குடுத்தப்ப நான் காட்டுனனே. நீ சொல்லுக்கா."

தனசேகர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சிறிய நாகரிகத்தை அவன் எனக்குச் செய்தான். சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு முழுச் சுதந்திரம் இருந்தது.

"நான் கவனிக்கல செங்கேணி. அப்படி எதுவும் பார்த்த ஞாபகம் இல்ல" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. முந்தானையால் வாளைத் துடைத்து, பெட்டிக்குள் தானே வைத்தாள். ஷேர் ஆட்டோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பினோம். மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்கு வந்தாள்.

பட்டறை இடிபடவில்லை. நோட்டீஸ் ஒட்டிய இடத்தில் பசை மட்டும் இருக்கிறது.

இதை ஏன் அவளிடம் சொல்லாமல் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் நாளைக் காலை என் எதிரே வந்து உட்கார்ந்து வேலை செய்யப்போவதில்லை. அதனால்தான். வேறு உயர்ந்த காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மௌனமாக இருக்கிறாள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. தண்டனை நடந்துகொண்டிருக்கிறது என்றாவது எண்ணிக்கொள்ளலாம் அல்லவா? போன வாரம் அதுவும் போயிற்று.

டீ குடிக்கும் நேரம். மெஷினை நிறுத்தியிருந்தோம். அவள் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, "பேத்தி பள்ளிக்கூடத்துல சின்னான் வேசம் போடுதுக்கா" என்றாள். "ரெண்டு கையிலயும் அட்டக் கத்தியத் தூக்கிகினு ஊட்ட சுத்தி வருது. 'அவருக்கு ஒரு கை இல்லடி'ன்னேன். 'மிஸ் அப்படிச் சொல்லல ஆயா'ன்னு அழுவுது."

நான் டீயை இரண்டு டம்ளர்களில் ஊற்றினேன்.

"அந்தக் கத்தில பேரு வெட்டி இருந்துச்சில்லக்கா? எங்க அப்பா என் வெரலப் புடிச்சி அது மேல தடவிக் காட்டுனாருன்னுதான் நெனச்சிகினு கீறேன். இப்ப யோசிச்சா... நானா நெனச்சிக்கினேனோ இன்னாவோ. தெரியலக்கா."

என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை, சந்தேகம் இல்லை. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவளிடம் கேட்கிறாள். அவ்வளவுதான்.

தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது...

"டீ ஆறுது, குடி" என்றேன்.

குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "போவுதுக்கா. கொழந்தகிட்ட ரெண்டு கைன்னே சொல்லிட்டேன். அதையேன் அழ வெக்கணும்" என்றாள்.

நான் சரி என்றேன்.