வேன் டயருக்கு எதற்குப் பாலிஷ்?

ஒரு மனுஷன் திடீரென்று வண்டியைக் கழுவினால் எனக்குச் சந்தேகம் வரும். என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியையும் தன் கையால் கழுவியவர் இல்லை. மழை கழுவும், கார் வாஷ் கழுவும், இல்லாவிட்டால் அழுக்காகவே ஓடும். அப்படிப்பட்டவர் நவம்பர் குளிரில் வீட்டு முன்னால் டிரைவ்வேயில் குந்திக்கொண்டு எங்கள் பழைய வேனைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். அதோடு விட்டாரா? டயர் ஒவ்வொன்றுக்கும் பளபளவென்று கறுப்புப் பாலிஷ் வேறு. ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்றேன்.

"எக்ஸ்சேஞ்ச் பண்ணப் போறோம்ல. பாத்ததும் புதுசா தெரியணும்."

வேனைக் கொடுத்துவிட்டு, பனியில் தைரியமாக ஓட்டக்கூடிய பெரிய வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவாகியிருந்தது. அதற்குக் காரணம் நான். அதாவது, நான்தான் காரணம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், ஐசலின் கடைத்தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி, மேடான ஒரு தெரு. போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினேன். பனி விட்டிருந்தது. ரோட்டைச் சுரண்டி உப்பும் போட்டிருந்தார்கள். மெதுவாகத்தான் போனேன், சத்தியமாக மெதுவாகத்தான். ஸ்டாப் சைனுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். வேன் நிற்கவில்லை. அது பாட்டுக்கு வழுக்கி, ஸ்டாப் சைனைத் தாண்டி, பாதிச் சுற்று சுற்றி, எதிர்ப்பக்கம் குவித்து வைத்திருந்த பனியில் இடித்து நின்றது. அந்த நேரம் குறுக்கே வேறு வண்டி வராதது யார் செய்த புண்ணியமோ. யாருக்கும் அடி இல்லை. பின் சீட்டில் இருந்த மகள் அழக்கூட இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பனி விழுகிற மாதிரி வானம் கொஞ்சம் வெளுத்தாலே அவளிடம் ஒரே கேள்வி. "இஸ் அப்பா டிரைவிங்?" அப்பா ஓட்டினால் ஏறுவாள். நான் சாவியை எடுத்தால் அவளுக்கு வயிறு வலிக்கும். பத்து வயதுப் பெண்ணை அதட்டி ஏற்றலாம்தான். ஆனால் ஏறிய பிறகு கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு வருவாளே, அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது. பெற்ற பிள்ளை என்னை நம்பி வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள் என்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. கொட்டுகிற பனியில் ஆஸ்பத்திரி வேலைக்குத் தனியாகப் போய்வருகிறவள் நான்.

என் வீட்டுக்காரர் நடந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். "பதட்டத்துல பிரேக்கை ஓங்கி மிதிச்சிட்டா." இதையே எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார், ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் பாட்லக்கில் சொன்னார், போனில் அவங்க அம்மாவிடமும் சொன்னார். பனியில் பிரேக் பிடிப்பது எப்படி என்று, கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் பனியையே பார்க்காத நாத்தனார் எனக்கு வீடியோ அனுப்பினாள். மாமியார், வேனுக்குப் பூஜை போட்டபோது நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோமா, இல்லை ஒன்றை விட்டுவிட்டோமா என்று துருவித் துருவிக் கேட்டார். என் காலைச் சந்தேகப்பட்டார்கள், எலுமிச்சம்பழத்தைச் சந்தேகப்பட்டார்கள், அன்றைக்கு எனக்குச் சந்திராஷ்டமமா என்று கூடப் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஓங்கித்தான் மிதித்தேனோ?

வண்டி தேடும் படலம் ஆரம்பித்ததும் குரூப்பில் ஆளுக்கு ஒன்று சிபாரிசு செய்தார்கள். கவனித்துப் பார்த்தேன், அவரவர் தாங்கள் வைத்திருக்கும் வண்டியைத்தான் சொன்னார்கள். தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டேன் என்று நம்ம ஆளு எவனாவது ஒத்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? "ஸ்னோல டேங்க் மாதிரி போகும்" என்று எழுதிய அங்கிளின் வண்டி போன பிப்ரவரியில் பனியில் மாட்டி, இழுத்துப்போக வந்த டோ டிரக் மேல் ஏறிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இத்தனைக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் காட்டிய அவசரம்தான் எனக்கு ஒட்டவேயில்லை. ஒரு மிக்ஸி வாங்க மூன்று மாதம் ரிவ்யூ படிக்கிற ஆள் அவர். வண்டிக்கு மட்டும், எது வேண்டுமோ சொல், இந்த வாரமே முடித்துவிடலாம் என்றார். ஆல் வீல் டிரைவ், சீட்டுக்குச் சூடு, ஸ்டீயரிங்குக்குச் சூடு, எதைக் கேட்டாலும் சரி. கேட்டதெல்லாம் கிடைக்கும்போது எனக்குப் பயமாக இருக்கும். பழைய வேனைப் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும் உடனே பேச்சை மாற்றினார்.

சனிக்கிழமை மூன்று பேருமாக டீலரிடம் போனோம். சேல்ஸ்மேன் சிரித்த முகம். சிரித்துக்கொண்டே இருந்ததால் அவனையும் நான் நம்பவில்லை. புது வண்டியில் ஒரு சுற்று அழைத்துப் போனான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எந்த மேடும் ஏறும், எந்தப் பனியிலும் கிளம்பும் என்றான்.

"கிளம்பறது இருக்கட்டும். நிக்குமா?" என்று கேட்டேன்.

அவன் மறுபடி கிளம்புவதைப் பற்றியே சொன்னான். நான் மறுபடி கேட்டேன். அவன் கேமரா எத்தனை இருக்கிறது என்று காட்டினான். எனக்கு நிற்க வேண்டும், நிற்குமா நிற்காதா, அதை மட்டும் சொல் என்று இங்கிலீஷில் கொஞ்சம் கறாராகவே கேட்டேன். அவன் சிரிப்பு குறைந்தது. கிளம்புவதற்குத்தான் ஆல் வீல் டிரைவ் உதவும், நிற்பது எந்த வண்டியானாலும் டயரைப் பொறுத்தது, பனிக்கென்று தனி டயர் போட்டுக்கொள்வது நல்லது என்றான். முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று, "சரி, கலர் பாக்கலாமா?" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் நேரே எங்கள் வேன் நின்ற இடத்துக்குப் போனேன்.

"எங்க போற? குளிருது, உள்ள வா" என்று பின்னாலேயே வந்தார். அவருக்கு என்றைக்கு என் குளிரைப் பற்றிக் கவலை வந்தது?

கைப்பையில் ஒரு சென்ட் காசு இருந்தது. டயர் வரிப் பள்ளத்தில் அதைத் தலைகீழாகச் செருகிப் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் மனிதரின் உச்சந்தலை தெரிந்தால் டயர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே லைசென்ஸ் எடுத்த புதிதில் யாரோ சொன்னது. தரையில் மண்டியிட்டுக் காசைச் செருகினேன். விரலெல்லாம் பாலிஷ் அப்பிக்கொண்டது. உச்சந்தலை மட்டுமா தெரிந்தது? நெற்றி, புருவம், மூக்கு வரை தெரிந்தது. அடுத்த டயரிலும் அதேதான். பாலிஷுக்கு அடியில் ரப்பர் வழவழவென்று இருந்தது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். திருச்சியில் காலேஜ் படிக்கும்போது ஸ்கூட்டர் டயரை நூல் தெரிகிற வரை ஓட்டியதைப் பாட்லக்கில் பெருமையாகச் சொல்வார். பஞ்சர் ஆகாத டயர் நல்ல டயர், அவ்வளவுதான் அவர் கணக்கு. பனி விழாத ஊரில் அது சரி.

"கோடை முழுக்க வெயில்ல கிடந்துச்சுல்ல, அதுல தேஞ்சிருக்கும்" என்று சப்பைக்கட்டு கட்டினார்.

நிற்கிற வண்டி எப்படித் தேயும் என்று நான் கேட்பதற்குள், ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற மகள் சிரித்தாள். "அப்பா, ரிமெம்பர்? த பால்ட் டயர்ஸ்!" என்றாள். போன வருஷம் ஆயில் மாற்றப் போனபோது கடைக்காரர் சொன்னாராம், இந்த டயர்கள் வழுக்கை, பனி வருவதற்குள் மாற்றிவிடு என்று. அப்பா தன் தலையைத் தடவிக் காட்டி, நானும் அப்படித்தான், நன்றாகத்தானே ஓடுகிறேன் என்றாராம். கடையில் எல்லோரும் சிரித்தார்களாம். அவளுக்கு அது ஒரு ஜோக்காகத்தான் நினைவிருந்தது. இதுவரை அந்த ஜோக்கையும் வேன் வழுக்கியதையும் அவள் சேர்த்துப் பார்த்ததில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பொது இடத்தில் நான் கத்தவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் கேட்டேன். "தெரிஞ்சேதான் என் காலைக் குத்தம் சொன்னீங்களா?"

"பனி முடிஞ்சு மார்ச்ல மாத்திக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் உனக்கு அப்படி ஆனதும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முதல்ல ஒருதரம் சொல்லிட்டேன், எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க."

"எல்லாரும் இருக்கட்டும். அவ என் வண்டியில ஏற மாட்டேங்கறாளே, அதைத் தினம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, அதைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கை முழுக்கப் பாலிஷ் வேறு. கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் மகள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். இந்தத் தடவை அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய பின்னந்தலையை.

மறுநாள் அவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார், அன்றைக்கு அம்மா சரியாகத்தான் ஓட்டினாள், தப்பு என்னுடையது என்று. குரூப்பிலும் எழுதினார். அங்கே எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். வண்டியும் வாங்கினோம், பனி டயரும் மாட்டினோம். கோயில் பார்க்கிங்கில் பூஜை போட்டு எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று.

டிசம்பர் நடுவில் முதல் பனி. ஞாயிறு காலை, தமிழ்ப் பள்ளி. மகள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் பழக்கத்தில் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, நான் கொண்டு விடறேன்" என்றார்.

அவள் நகரவில்லை. "டிட் யூ செக் த டயர்ஸ்?" என்றாள்.

புத்தம் புது டயர். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர் வெளியே போனார். பனியில் மண்டியிட்டு நாலு டயரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, முழங்காலில் ஈரத்தோடு திரும்பி வந்தார். "பாத்துட்டேன்டா கண்ணா. எல்லாம் நல்லா இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ பாத்தியா?"

ஒரு வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தான். இருந்தும் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அது அப்படியே என்னுடைய குரல்.

அவர் சாவியை என் கையில் கொடுத்தார். நான் வெளியே போய் டயரைப் பார்த்தேன். அவள் முன் சீட்டில் ஏறப்போனாள், இன்னும் வயது ஆகவில்லை என்று பின்னால் அனுப்பினேன். அவரும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.