தலைமாடு எந்தப் பக்கம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு எங்கள் கரையில் மூன்று படகுகள் என்னுடையவை. எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துத் தனி ஆளாகக் கரையேற்றுவேன். பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட என்னை இரண்டு வருடமாக ஒரு நெஞ்செரிவு ஆட்டிப் படைத்தது. குனிந்து வலை இழுத்தால் புளித்தண்ணீர் தொண்டைவரை வரும்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் விழுங்கக் குளிசை தந்தார்கள், பிறகு தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். டொக்டர் என் மகளைவிட இளையவ.

“ஐயா, குளிசைக்கும் குறையேல்லை. இரைப்பையின்ர மேல்பக்கத்தைச் சுத்திக் கட்டிற ஒப்பரேசன் ஒண்டிருக்கு. செய்தால் கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்க ஏலாது. சிலருக்கு ஏப்பம், அதுதான் ஏவறை, விடுறதும் கஷ்டம்.”

“ஏவறை விடேலாதோ? பிள்ளை, நான் ஏவறை விட்டால்தான் மனிசி தன்ர கறி ருசியெண்டு நம்புவா!”

“யோசிச்சு அடுத்த கிளினிக்கில சொல்லுங்கோ” என்று சிரித்தா.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொல்லி அவ முன்பே சொல்லியிருந்தா. மேசனைக் கூப்பிடாமல் நானே கல்லுச் செதுக்கித் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே வைத்தேன். கட்டில் இன்றுவரை ஆடவில்லை. ஆனால் எரிவு நிற்கவில்லை. புயலுக்குப் பயப்படாதவன், ஒரு சின்னக் கத்தியை நினைத்து ஒரு மாதம் காலையில் ஓம் என்றும் மாலையில் வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிளினிக்குக்கு முதல்நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போக வான் வண்டி பிடிப்பதா என்று கேட்க மனைவி கரைக்கு வந்தா. சோற்றுப் பார்சலை முடித்துவிட்டுப் படகுக்குள் நான் நல்ல நித்திரை. படகின் மூக்கு மணலில் மேலே, பின்பக்கம் கடலை நோக்கிக் கீழே. என் தலை எஞ்சின் பூட்டும் பின்பக்கம். நாற்பது வருடமாக நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படுப்போம்.

“இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! கட்டிலுக்குக் கல்லு வைச்ச கெட்டிக்காரன், இஞ்ச பள்ளத்தில தலையை வைச்சுக் கிடக்கிறார்!”

“இந்தப் பக்கந்தானே காத்து வருது.”

“காத்தும் வருது, புளியும் வருது. வயிறு முட்டத் திண்டிட்டு இதுக்குள்ள சரியிறதை டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?”

சொல்லவில்லை. அவ கட்டிலைப் பற்றித்தானே கேட்டா, படகைப் பற்றிக் கேட்கவில்லையே.

மறுநாள் சொன்னேன். டொக்டர் பேனையை மூடிவைத்துச் சிரித்தா. மூன்று மாதம் பார்ப்போம் என்றா. சாப்பிட்ட பிறகு படுக்காமல் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். படுத்தால் மூக்குப் பக்கம் தலை. எரிவு மெல்ல மெல்ல அடங்கியது. நண்டுக்கறி தின்ற அன்று மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

“ஒப்பரேசன் இப்ப தேவையில்லை ஐயா. குளிசையை மட்டும் நீங்களா நிப்பாட்டாதேங்கோ” என்றா டொக்டர், மூன்று மாதம் முடிந்து போனபோது.

இப்போது எங்கள் கரையில் எல்லோரும் மூக்குப் பக்கம் தலை வைத்துத்தான் படுக்கிறார்கள். என்னைப் பார்த்துத்தான். கண்டுபிடித்தது மனைவி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் படகு என்னுடையது.

ஒப்பரேசன் தேவையில்லை என்று டொக்டர் சொன்ன அன்றிரவு பிட்டும் மீன்குழம்பும். சாப்பிட்டு எழும்பி, அடுத்த ஒழுங்கைக்குக் கேட்க ஒரு ஏவறை விட்டேன்.

“இதுக்குத்தானே ஒப்பரேசன் வேண்டாமெண்டனீங்கள்?” என்றா மனைவி.

“ஓம்” என்றேன்.