பௌர்ணமியைக் கோளாறு என்றேன்

கார் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த நான், வியாபாரக் கணக்குகளை அலசும் டேட்டா வேலைக்கு மாற முடிவு செய்தேன். பழைய வேலையை விட்டாயிற்று. கடைசி நேர்காணல், திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வீடியோவில் நடந்தது. அதில் கொடுத்த சோதனை இது: ஒரு குளிர்பான நிறுவனத்தின் விற்பனையை அலசி, அடுத்த மாதம் எந்த ஊருக்கு எவ்வளவு சரக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் விற்பனை மட்டும் மாதம் ஒருமுறை, வெவ்வேறு தேதிகளில், பல மடங்கு எகிறியிருந்தது. இஞ்சினில் சென்சார் இப்படித் துள்ளினால் அந்த எண்ணைத் தள்ளிவிடுவோம். இங்கேயும் தள்ளினேன். "பதிவுல கோளாறு மேடம்" என்று நேர்காணல் எடுத்தவரிடம் அடித்துச் சொன்னேன்.

அப்போது அக்கா கதவைத் திறந்தாள். "டேய், பௌர்ணமி கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. பைக்க வெளிய எடுக்காத!"

எனக்குச் சுரீர் என்றது. மழுப்பியிருக்கலாம். ஆனால் தப்பான கணக்கைக் காட்டி வேலை வாங்க மனம் வரவில்லை.

"மேடம், நான் சொன்னது தப்பு. அது கோளாறு இல்லீங்க. இப்போ எங்க வீட்டு வாசல்ல நடந்து போயிட்டிருக்கு" என்று லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பினேன். தெரு நிறைய, பாட்டிலும் கையுமாக, மலை சுற்றும் ஜனம்.

அவர் சிரித்துவிட்டார். "உள்ளூர்க்காரருக்கே பௌர்ணமி மறந்துடுச்சா?"

"இஞ்சினுக்குப் பௌர்ணமி கிடையாதுங்களே மேடம்!"

வேலை கிடைத்தது. இப்போதும் ஒரு எண் எகிறினால் கை தானாக அழிக்கப் போகிறது. அன்று யார் வந்திருப்பார்கள் என்று விசாரிக்காமல் மட்டும் அழிப்பதில்லை.