வள்ளியாத்தாள் களத்துச் சோலார்

வேலந்தாவளம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். வாரம் மூன்று சவாரியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர் வள்ளியாத்தாள் அக்கா. அப்படியும் அவர் பக்கம்தான் பேசுவேன். யாருக்குப் பொறுக்கவில்லையோ அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் பொங்கியண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் பாலக்காட்டில் டயாலிசிஸ். ஒரு தடவை தப்பினாலும் மூச்சு இழுக்கும். என் ஆட்டோவில் திரும்பும்போது குழிக்குக் குழி அந்த மனுஷன் அழுவார். ஓட்டுகிற எனக்கே பொறுக்காது.

அக்கா டிராக்டர் ஓட்டிய கை. பெட்ரோல் செலவு கட்டாதென்று பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். ஊரே சிரித்தது, ஏனென்றால் அவர் வீட்டில் கரண்டே கிடையாது. பாகம் பிரித்ததில் இவர்களுக்கு வந்தது கடைக்கோடி நிலம். கரண்டுக் கம்பம் அங்கே போக, பொங்கியண்ணனின் அண்ணன் குப்பண்ணன் தோட்டத்தைத் தாண்ட வேண்டும். அவர் விடவில்லை. நிலத்தைத் தனக்கே விற்றுவிட்டுப் போகட்டும் என்ற எண்ணம். “கரண்டு வேணும்னா டவுனுக்குப் போங்க” என்று வாய்விட்டே சொன்னார்.

அக்கா போகவில்லை. சித்திரையில் வீட்டுக் கூரைமேல் சோலார் போட்டு, பகலில் காரை அதில் மாட்டினார். ஐப்பசி வரை வண்டி ஜம்மென்று ஓடியது.

இடம் பார்த்ததில்தான் எல்லோரும் கோட்டை விட்டோம். சித்திரை வெயில் உச்சந்தலையில் விழுந்ததை நம்பிவிட்டோம். கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்ததும், தெற்கு வரப்பில் நிற்கும் குப்பண்ணனின் தென்னைகள் கூரையில் நிழலைப் போட்டன. ஒரு சோலார் பலகையில் நிழல் விழுந்தாலே மொத்தமும் சோர்ந்துவிடுமாம். ஒருநாள் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. பொங்கியண்ணன் மூச்சுக்குத் திணற, அக்கா எனக்குப் போன் போட்டார். பறந்துபோய் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு அவர் பிழைத்தது பெரிய விஷயம்.

மட்டையையாவது கழித்துவிடச் சொல்லிக் கேட்டார் அக்கா. தென்னம்பிள்ளைமேல் கத்தி வைக்கமாட்டேன் என்றுவிட்டார் குப்பண்ணன். தம்பி செத்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

அந்த வாரமே அக்கா சோலாரைக் கழற்றி, தன் பங்குக்கு வந்த களத்தில் இரும்புக்கால் நட்டு நிறுத்தினார். தேங்காய்ப்பருப்பு காயப்போடுகிற களம் அது. நிழல் அண்டக் கூடாதென்று சுற்றிலும் ஒரு செடிகூட விடமாட்டோம். ஆனால் அங்கேதான் பொங்கல் வைப்போம், செருப்புக்காலோடு ஏறமாட்டோம். எனக்கே திக்கென்றது.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு குப்பண்ணன் வந்தார்.

“ஏம்புள்ள, களத்துல இரும்பு நடறயா? குடும்பம் வெளங்குமா? இதைப் புடுங்கு. கம்பம் போட என் தோட்டத்துல எடம் உடறேன்.”

ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அக்கா பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“உங்க கம்பம் வேண்டாமுங்க மாமா. நாளைக்கு உங்களுக்குக் கோவம் வந்தா கம்பியை அறுத்துப்போடுவீங்க. எம்புருசன் உசுரு உங்க தோட்டத்து வழியா வர வேண்டாம்.”

“அப்பக் களத்துக்கு என்னடி மருவாதி?”

அப்போதுதான் அக்கா திரும்பினார். வெறுங்காலோடு நின்றிருந்தவர், குப்பண்ணனின் காலைப் பார்த்தார்.

“செருப்பைக் கழட்டிப்போட்டு வந்து கேளுங்க.”

கூட வந்தவர்களும் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் செருப்பெல்லாம் களத்துக்கு வெளியே கிடந்தது. குப்பண்ணன் மட்டும்தான் செருப்போடு ஏறியிருந்தார். களத்தைவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா காரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். பொங்கியண்ணன் ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“கருப்புசாமி, கேட்டைத் தொறந்துடு. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு.”

ஓடிப்போய்த் திறந்தேன்.