அண்ணை தள்ளிய கார்

போன கிழமை என் கார், இரண்டு மூன்று நாள் சும்மா நின்றதற்கே செத்துப்போனது. சுன்னாகத்துக் கராச்சில் மெக்கானிக் பற்றரியில் மீற்றரைக் கொழுவிவிட்டுப் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் மீற்றரில் எண் சட்டென்று விழுந்தது. "கண்ணாடியில பூட்டின கமராதான் ஐயா பற்றரியைக் குடிக்குது. கார் நிண்டாலும் உது நிக்கேல்லை," என்றார்.

நான் எங்கே அதைக் கேட்டேன்! பொனற்றுக்குள்ளிருந்து வந்த புளித்த அசிட் மணம் என்னைப் பழைய காலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த மணம் வந்தால் எனக்கு அண்ணையின் நினைவுதான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நான் ஒரு கிழட்டுக் காரில் வெங்காயம் ஏற்றிச் சந்தைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். முதல்நாள் சார்ஜ் ஏற்றிய பற்றரி, விடிந்தால் வெறுமனே முனகும், பிடிக்காது. எங்கள் ஊரில் உருட்டிவிட ஒரு சரிவாவது உண்டா? தள்ளத்தான் வேண்டும். தள்ள வந்தவர் பக்கத்து வளவிலிருந்த என் கூடப்பிறந்த அண்ணை. வேலி அடைக்கும்போது நான் கதியால் தடியை அவர் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டேன் என்று என்னோடு கதைக்காமல் விட்டவர். நான் நடவில்லை, இப்போதும் சொல்வேன்.

ஆனாலும் ஸ்ராட்டர் இழுபடும் சத்தம் கேட்டால் போதும், படலையைத் திறந்துகொண்டு வந்து பின்னால் கை கொடுப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். "கிளச்சை விடடா, விசரா!" என்பார். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அந்த ஏச்சுக்காகவே எனக்கு விடியும். இப்படியே தள்ளித் தள்ளி ஒருநாள் முழுசாகக் கதைத்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை, தள்ளி முடித்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதகில் குந்திவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே பற்றரி வயரைக் கழற்றி மறுபடி முனையில் தொட்டுப் பார்த்தேன், பொறி பறந்தது. கார் நிற்கும்போதும் ஏதோ குடிக்கிறது! மற்ற வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனால், கடைசியில் அகப்பட்டவர் பிள்ளையார். சாமிக்கு முன்னால் விளக்கு அணையக்கூடாது என்று என் மனிசி சொல்ல, காருக்குள் ஒட்டியிருந்த அவர் படத்துக்குக் குட்டிப் பல்பு ஒன்றை நானே நேரே பற்றரியில் கொழுவியிருந்தேன். பிள்ளையாரை யார் சந்தேகப்படுவார்? சாவி திருப்பினால் மட்டும் எரியும்படி மாற்றிவிட்டேன்.

மறுநாள் ஒரே திருப்பில் கார் பிடித்தது. அண்ணை தலையில் துவாயோடு வழக்கம்போல வந்து நின்றார்.

"இனித் தள்ளத் தேவையில்லை அண்ணை, சரிப்பண்ணிப்போட்டன்," என்றேன், பெரிய சந்தோசத்தோடு.

"ஓம், நல்லது," என்று திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. கனடாவுக்கு மகனிடம் போனதைக்கூட ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். அங்கேயே கண்ணை மூடினார். வளவு கைமாறி, வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது. உன்ரை இடுப்புக்காகத்தான் செய்தனான் அண்ணை என்று ஒரு சொல் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.